இடியாப்பம் கேட்டவன்

தெற்குமாசி வீதியில் ரெடிமேட் கடையின் மூன்றாம் மாடி.
ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குமேல்
சரக்கு மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு
ஆறு பேர் உட்காருவோம்.
தலையில்லாத பொம்மைகள் ஏழெட்டு
சுவரோரம் நின்று பார்க்கும்.
நாலு வருஷமாக ஒரே ஆட்டம்.
நாலு வருஷமாக அதே டிராகன்,
நிறம் மட்டும் மாறும்.

ஆட்டம் என்றாலே எங்களுக்கு அதுதான்.
அதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டென்பது,
ஆத்துக்கு வைகை என்று பெயர் இருப்பதைப்போல,
வெளியூர்க்காரனிடம் பேசும்போதுதான் ஞாபகம் வரும்.

போன ஆடியில் நான் வேறொன்றைக் கொண்டுபோனேன்.
இருபத்திரண்டு பக்கம். கீழே ஜெராக்ஸ் கடையில்
ஐந்து பிரதி எடுத்து ஸ்டேப்ளர் அடித்தது.
அப்பா செத்த வீட்டில்
மூன்று பிள்ளைகள் சாமான் பிரிக்கிற ஆட்டம்.
பகடை கிடையாது. ஒரு சீட்டுக்கட்டு போதும்.

"லெவல் எப்படி ஏறும்?" என்றான் ஜகுபர்.
ஏறாது.
"யாரைத்தான் கொல்லணும்?"
யாரையும் இல்லை. அப்பா முதல் பக்கத்திலேயே செத்துட்டார்.
"அப்ப ஆக்னஸோட மந்திரக்காரிக்கு இதுல என்ன வேலை?"
ஆக்னஸ், பாவம், நிஜமாகவே யோசித்தாள்.

ஒச்சுராஜ்தான் எங்கள் மாஸ்டர்.
டிராகன் அவனிடம்தான் இருக்கிறது,
அதன் உயிர்ப்புள்ளிகளும்.
நல்ல மனுஷன். தோளில் கைபோட்டுச் சொன்னான்:
"இதுக்கு எதுக்குடா புது ஆட்டம்?
நம்ம ஆட்டத்துக்குள்ளயே வச்சிருவோம்.
அப்பாவை ராஜாவாக்கு. வீட்டைக் கோட்டையாக்கு.
பீரோவுக்குள்ள ஒரு பூதத்தைப் போடு.
முடிஞ்சிச்சு."

மாட்டுத்தாவணியில் ராத்திரி ஒரு மணிக்கு இறங்கி
இடியாப்பம் இருக்கா என்று கேட்டிருக்கிறீர்களா?
பரோட்டா இருக்கு என்பார் அங்கிருக்கிற மாஸ்டர்.
வீச்சு இருக்கு, கொத்து இருக்கு, முட்டை லாப்பா இருக்கு.
இடியாப்பம்தான் வேணுமா,
நூல் நூலாக் கொத்தித் தாறேன்,
தேங்காப்பால் ஊத்திக்கங்க.
அவர் கிண்டல் செய்யவில்லை.
கல் சூடாக இருக்கிறது, மாவு பிசைந்திருக்கிறது,
பசித்து வந்தவனைத் திருப்பி அனுப்ப மனசில்லை.
அதுதான் கஷ்டம்.
கெட்டவன் என்றால் சண்டை போடலாம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்?
என் ஆட்டத்தைப் பற்றி நான் பேசியதில் பாதி
'அது மாதிரி இல்லை.'
பகடை இல்லை, மாஸ்டர் இல்லை, ஜெயிப்பது இல்லை.
இல்லை இல்லை என்று நாலு மாசியும் சுற்றிவந்தால்
மறுபடி டிராகன் வாசலில்தான் நிற்கிறேன்.
அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல
என்னிடமும் வார்த்தை இல்லை.

ஒரு ஞாயிறு ஒச்சுராஜுக்கு டைபாய்டு.
மழை வேறு. வந்தது மூன்று பேர்.
"சரி, எடு உன் எழவு வீட்ட" என்றான் ஜகுபர்.
ஆக்னஸுக்கு கிளாவர் ஏழு வந்தது.
அப்பாவின் தையல் மெஷினைத்
தம்பிக்குத் தரமாட்டேன் என்று அவள் சொல்கிற இடம்.
சொன்னாள்.
பழக்கத்தில் ஜகுபரின் கை பகடையைத் துழாவியது.
"இவள சம்மதிக்க வைக்க எத்தனை விழணும்?"
எதுவும் விழ வேண்டாம். கேளு.
அவன் கேட்கவில்லை.
கீழே யாரோ ஷட்டர் இறக்கினார்கள்,
பூட்டுப் போடுகிற சத்தம்வரை கேட்டது.
பிறகு, "நீயே வச்சுக்கக்கா" என்றான்.
ஆக்னஸ் அவனைவிட இரண்டு வயது சின்னவள்.

அடுத்த வாரம் ஒச்சுராஜ் மெலிந்து வந்தான்.
டிராகன் இந்த முறை பச்சை.
"அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"
"பரவால்ல. சண்டையே இல்ல" என்றான் ஜகுபர்.
ஆக்னஸ் பென்சில் சீவினாள்.
எனக்கு இருபது விழுந்தது.
மாடியே அதிர எல்லாரும் கத்தினார்கள்,
நானும் கத்தினேன், பொய்யாக இல்லை.

பையை மூடும்போது எண்ணினேன்.
ஐந்து பிரதியில் நாலுதான் இருந்தது.
பொம்மைகளுக்கு நடுவிலும் தேடிப் பார்த்தேன்.
யாரிடமும் கேட்கவில்லை.